திரைக்குப் பின்னே எழுதிய கை

தொலைக்காட்சி நாடகம் ஒன்றின் தொடக்கத்திலே 'எழுதியவர்' என்று ஒரு பெயர் தோன்றி மறைகின்றது. இரண்டு மூன்று விநாடிக்கு மேல் அது திரையில் நிற்பதில்லை. அப்பெயருக்குரியவர் எத்தனை இரவு விழித்திருந்தார், அவர் எழுதியவற்றுள் எத்தனை பக்கம் கிழித்தெறியப்பட்டது, நடிகர் பேசும் வசனத்தில் எத்தனை வரி மெய்யாகவே அவருடையது என்னும் வினாக்களைப் பார்ப்போருட் பெரும்பாலார் எழுப்புவதில்லை. நாடகம் நன்றாயின் மகிழ்வர்; அன்றாயின் வேறு அலைவரிசையை நாடுவர். ஆயினும் புகழ்பெற்ற தொடர் ஒவ்வொன்றுக்கும் இவ்வினாக்களை விடாது கேட்கும் ஒரு சிறு கூட்டம் உண்டு. நடிகரின் படமும் கையொப்பமும் மட்டும் அக்கூட்டத்தாருக்குப் போதா. நாடகம் எழுதப்பட்ட மேசையையே அவர்கள் காண விழைவர்.

2008 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே பிரித்தானியாவில் இத்தகைய கூட்டம் ஒன்று ஒரு நூலின் வரவை நோக்கிக் காத்திருந்தது. 'டொக்டர் ஹூ' என்பது 1963 நவம்பர் 23 ஆந் திகதி பி.பி.சி. தொலைக்காட்சியில் ஆரம்பமான தொடர். காலத்தையும் வெளியையும் கடந்து பயணஞ் செய்யும் வேற்றுலகத்தான் ஒருவனே அதன் தலைவன். 1989 இல் அது நிறுத்தப்பட்டது. 1996 இல் வந்த ஒரேயொரு தொலைக்காட்சித் திரைப்படத்தை விட்டால், அதன் பின் அது மீண்டும் முறையாகத் தொடங்கியது 2005 மார்ச் 26 ஆந் திகதியிலேதான். அதற்குப் புத்துயிர் தந்தவர் வேல்ஸ் நாட்டவரான ரசல் டி. டேவிஸ். அவர் தலைமை எழுத்தாளராகவும் நிர்வாகத் தயாரிப்பாளராகவும் விளங்கினார். அவர் பொறுப்பிலிருந்து விலகுவார் என்றும், ஸ்டீவன் மொஃபற் அவ்விடத்துக்கு வருவார் என்றும் 2008 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு இலையுதிர் காலத்திலே டேவிஸ் தாம் எழுதிய முறையை ஒளிவுமறைவின்றிக் கூறும் ஒரு நூல் வரும் என்ற செய்தியும் பரவியிருந்தது. போகின்றவர் உண்மையைச் சொல்லுவார் என்பது உலக இயல்பை அறிந்தோரின் நம்பிக்கை. அந்நூலோ பி.பி.சி.யின் பெயர் தாங்கிய பதிப்பு. நிறுவனம் ஒன்றின் பெயரால் வரும் நூலிலே நிறுவனத்தின் உள்வீட்டுச் செய்தி எவ்வளவு வெளிவரும் என்ற ஐயமும் உடனெழுதல் இயல்பே.

இந்நம்பிக்கையும் ஐயமும் திடீரெனப் பிறந்தவை அல்ல. அவற்றின் வேரைக் காண நாற்பது ஆண்டுகள் பின்னே சென்று, அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் படப்பிடிப்பு நிலையம் ஒன்றினுள் நுழைதல் வேண்டும்.

அங்கே 1966 செப்டெம்பர் 8 ஆந் திகதி என்.பி.சி. நிறுவனத்தாரால் முதன்முதல் ஒளிபரப்பப்பட்ட 'ஸ்டார் ட்ரெக்' தொடர் தயாராகிக்கொண்டிருந்தது. அதனைப் படைத்தவர் ஜீன் ரொடன்பெரி. 1967 இன் இறுதியிலே அத்தொடர் நிறுத்தப்படும் என்ற பேச்சு எழுந்தது. பியோ ட்ரிம்பிள், ஜோன் ட்ரிம்பிள் என்னும் தம்பதியர் முன்னின்று நடத்திய இயக்கத்தினால் கடிதங்கள் மலையெனக் குவிந்தன. அவை ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டவை எனக் கூறப்பட்டது. 1968 மார்ச் மாதத்திலே ஓர் அங்கம் முடிந்த கையோடு, தொடர் நீடிக்கும் என்று நிறுவனம் ஒளிபரப்பிலேயே அறிவித்தது. அதே ஆண்டில் 'த மேக்கிங் ஒஃப் ஸ்டார் ட்ரெக்' என்னும் நூல் வெளிவந்தது. விளம்பரத் துறையிலிருந்து வந்த ஸ்டீபன் விற்ஃபீல்ட் என்பவர் அதனை எழுதினார். ரொடன்பெரியின் பெயரும் அட்டையில் இடம்பெற்றது.

தொடர் ஒளிபரப்பாகிக் கொண்டிருக்கும் போதே அதன் சமையலறையைத் திறந்து காட்டிய நூல் அதுபோல் முன்னர் வந்ததில்லை எனலாம். உள்ளகக் குறிப்புக்கள், செலவுக் கணக்கு, மாதிரி அங்கத்தை நிறுவனத்தார் நிராகரித்த வரலாறு ஆகியன அதில் அச்சாயின. ஒளிப்பதிவு நாடா வீட்டுக்கு வாராத காலம் அது. ஒருமுறை ஒளிபரப்பான அங்கத்தை மறுபடி காண்பது நிறுவனத்தாரின் கருணையைப் பொறுத்தது. ஆதலின் நூலொன்றே அபிமானியின் கையில் நிலைத்து நிற்கக்கூடிய பொருளாயிற்று. பிரித்தானியாவிலும் 1972 இல் மல்கம் ஹல்க், டெரன்ஸ் டிக்ஸ் என்னும் இரு எழுத்தாளர் சேர்ந்து 'த மேக்கிங் ஒஃப் டொக்டர் ஹூ' என்ற சிறு நூலைச் சிறுவருக்காக வெளியிட்டனர். பி.பி.சி.யோ பழைய அங்கங்கள் பலவற்றை அழித்துப் பதிவு நாடாவை மறுபடி பயன்படுத்திக் கொண்டிருந்தது. நாடகம் அழிந்தது; நாடகத்தைப் பற்றிய நூல் எஞ்சியது!

எனினும் இவ்விரு நூல்களும் வீட்டுத் தலைவர் விருந்தினருக்குக் காட்டும் வீட்டை ஒத்தவை. முன்கூடம் காட்டப்படும், சமையலறையும் காட்டப்படும், பூட்டிய அறை பூட்டியபடியே இருக்கும். அந்தப் பூட்டிய அறையிலே இருந்தது, எவர் எதை எழுதினார் என்ற பூசல்.

அதன் கதவை முதலிற் சிறிது திறந்தவர் டேவிட் ஜெரோல்ட். கல்லூரி மாணவராய் இருந்த காலத்திலேயே ஸ்டார் ட்ரெக்கைக் கண்டு மயங்கி அதற்குக் கதை அனுப்பியவர் அவர். அவர் எழுதிய 'த ட்ரபிள் வித் ட்ரிபிள்ஸ்' 1967 டிசம்பர் 29 ஆந் திகதி ஒளிபரப்பானது. 1973 இல் அதே பெயரில் ஒரு நூலை அவர் வெளியிட்டார். ஒரேயோர் அங்கம் எவ்வாறு எழுதி முடிக்கப்பட்டது என்பதே அந்நூல் முழுவதும். சிறிய எழுத்துடைய தட்டச்சுப் பொறியில் அவர் பிரதியை அடித்திருந்தார். நிலையத்தார் அதனைத் தம் பொறியில் வழமையான எழுத்தில் மறுபடி அடித்தபோது பக்கங்கள் பெருகி, நாடகம் அளவுக்கு மிஞ்சி நீண்டுவிட்டது. எழுதியவற்றைப் பக்கம் பக்கமாக வெட்டும் துன்பம் அவருக்கு வாய்த்தது. மென்மயிர் போர்த்த அவருடைய சிறு பிராணிகளுக்கு முதலில் இட்ட பெயரையும் மாற்ற நேர்ந்தது, அது எச். பீம் பைப்பர் என்பாரின் நாவல் ஒன்றிலே முன்னரே வழங்கிய பெயர். பெருகிக்கொண்டே போகும் பிராணி என்னும் கருத்துக்கூட ரொபர்ட் ஹைன்லைன் 1952 இல் வெளியிட்ட நாவலொன்றிலுள்ள உயிர்களை ஒத்திருப்பதாகத் தெரியவந்தது. நிலையத்தார் ஹைன்லைனிடம் இசைவு கோரினர். கையொப்பமிட்ட ஒரு பிரதியைத் தவிர அவர் வேறொன்றும் வேண்டவில்லை. இளம் எழுத்தாளர் ஒருவரின் நாணத்தையும் நடுக்கத்தையும் மறைக்காமற் கூறிய அந்நூலைப் படித்துத் தாமும் எழுதத் துணிந்தோர் பலர்.

கைவிடப்பட்ட வரைவுகளையும் வாசகருக்குக் காட்டலாம் என்ற எண்ணம் அக்காலத்தில் வேறிடத்தும் தோன்றியிருந்தது. 1956 முதல் இலங்கையை வாழ்விடமாகக் கொண்ட ஆதர் சி. கிளார்க், ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து ஆக்கிய '2001' கதையிலே கழிக்கப்பட்ட அத்தியாயங்களை 1972 இல் ஒரு தனி நூலாக வெளியிட்டார். அது திரைப்படம் பற்றியது. தொலைக்காட்சிக்கு இத்தகைய திறந்த மனம் வருதற்கு மேலும் காலஞ் சென்றது.

ஜெரோல்டின் கதையில் வெட்டியவர் யார், வெட்டுப்பட்டவர் யார் என்பது தெளிவு. வெட்டுப்பட்டவரும் மனமார இசைந்தார். ஹார்லன் எலிசனின் கதை அவ்வாறன்று.

எலிசன் விஞ்ஞானப் புனைகதை உலகிலே பெரும் புகழும் அதனினும் பெரிய கோபமும் உடையவர். 1966 இலே அவர் ஸ்டார் ட்ரெக்குக்காக எழுதத் தொடங்கிய 'த சிற்றி ஒன் த எட்ஜ் ஒஃப் ஃபொரெவர்' 1967 ஏப்ரல் 6 ஆந் திகதி ஒளிபரப்பானது. விண்கலத்தின் தலைவன் கேர்க் 1930 ஆம் ஆண்டின் நியூயோர்க் நகரத்துக்குச் செல்கின்றான். ஏழைகளுக்கு உணவளிக்கும் ஈடித் கீலர் என்னும் நங்கையிடம் அன்பு கொள்கின்றான். அவள் வீதி விபத்தில் மாண்டாலன்றி உலக வரலாறு திரிந்து போகும் என்பதை அறிகின்றான். ஒளிபரப்பான நாடகத்திலே, அவளைக் காக்க ஓடும் நண்பன் மக்கோயைக் கேர்க் தானே பிடித்து நிறுத்துகின்றான். எலிசன் முதலில் எழுதியதோ வேறு. அவர் பிரதியிலே கேர்க் கடமையைச் செய்ய இயலாது காதலால் உறைந்து போகின்றான். செய்ய வேண்டியதைச் செய்பவன் ஸ்பொக். கலத்தில் மயக்கப் பொருள் விற்கும் பெக்வித் என்ற தீயவன் ஒருவனும் அப்பிரதியில் உண்டு. வீரன் தோற்கும் கதையை எழுத்தாளர் எழுதினார்; வீரன் வெல்லும் கதையைத் திரை காட்டியது.

மாற்றியவர் யார்? ஸ்டீவன் கரபட்சோஸ், ஜீன் கூன், டொரதி ஃபொன்டானா, இறுதியில் ரொடன்பெரி எனக் கை பலவாயின. இவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. முதல் ஆண்டிலே 29 அங்கங்கள் ஒளிபரப்பாயின. கிழமைக்கொன்றாக நாடகம் வேண்டும்; ஓர் அங்கத்தைப் படமாக்கக் கிடைப்பவை சில நாட்களே. வெளியிலிருந்து வரும் எழுத்தாளர் ஒவ்வொருவரும் கேர்க்கையும் ஸ்பொக்கையும் தத்தம் மனம்போல் பேசவைத்தால் தொடர் தொடராக இராது. எலிசன் பிரதி தருவதிற் காலம் தாழ்த்தினார். அவர் எழுதியபடி எடுப்பதானால் செலவும் மிகுதி. ஆகவே திருத்தியது குற்றமன்று. எலிசன் தம் பெயரை நீக்கிக் 'கோட்வெய்னர் பேர்ட்' என்ற புனைபெயரை இடும்படி கேட்டார். தமக்கு உடன்பாடில்லாத படைப்புக்களுக்கு அவர் இடும் பெயர் அது. விஞ்ஞானப் புனைகதை அறிந்தோர் எவரும் அதன் பொருளை உணர்வர். ரொடன்பெரி இசையவில்லை. எலிசனின் பெயரே திரையில் வந்தது.

பின்னர் நிகழ்ந்தது நகைப்புக்கும் இரங்கலுக்கும் ஒருங்கே உரியது. எலிசன் தம் மூலப் பிரதியை அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் போட்டிக்கு அனுப்பினார். அதற்குச் சங்கம் பரிசளித்தது. ஒளிபரப்பான நாடகத்துக்கு 1968 இலே ஹியூகோ விருது கிடைத்தது. ஒரே தலைப்பு, ஒரே பெயர், இரு வேறு கதை, இரண்டுக்கும் பரிசு! எது சிறந்தது என்ற வழக்கு அன்று தொட்டு அபிமானிகளிடையே ஓயவில்லை. மூலப் பிரதி 1976 இலே நாடகத் திரட்டொன்றில் அச்சாயினும், அதன் பின்னணி முழுவதையும் எலிசனே உரைக்கும் நாளை அவர்கள் எதிர்நோக்கியிருந்தனர்.

இதற்கிடையே ரொடன்பெரி மேடைகளிலும் பேட்டிகளிலும் ஒரு கதையைத் திரும்பத் திரும்பக் கூறிவந்தார். எலிசனின் பிரதியிலே கலத்தின் பொறியியலாளனான ஸ்கொற்றி மயக்கப் பொருள் விற்பதாக எழுதப்பட்டிருந்தது என்பதே அது. அவ்வாறு எழுதப்பட்டிருக்கவில்லை. அப்பிரதியிலே ஸ்கொற்றி என்ற பாத்திரமே வருவதில்லை. பிரதியைத் திருத்துவதற்குத் தலைவருக்கு உரிமை உண்டு. எழுதாததை எழுதியதாகக் கூறுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை. கைத்தட்டல் பெறும் கதை மெய்ச்செய்தியை எளிதில் வென்றுவிடும். எலிசனின் சினம் அளவு கடந்தது என்று குறை கூறுவோரும் இவ்வொரு செய்தியை மறுக்க வழியில்லை.

1991 ஒக்டோபரில் ரொடன்பெரி காலமானார். 1990 களின் நடுப்பகுதியிலே எலிசனின் நூல் வந்தது. மூலப் பிரதியும், வரைவுகளும், நீண்டதொரு முன்னுரையும் அதில் அடங்கின. முன்னுரை என்பதைவிட வழக்குரை என்பதே பொருந்தும். இறந்தவரோடு வாதாடுவது முறையோ என்று கேட்டவர்கள் உண்டு. உயிரோடிருந்தபோதும் வாதாடினார் என்பதே அதற்கு விடை. நூலின் அருமை அவருடைய சினத்தில் மட்டும் இல்லை. பிறர் சாட்சியத்துக்கும் அவர் இடங்கொடுத்தார். ஜெரோல்ட் எழுதினார்; ஸ்பொக்காக நடித்த லெனட் நிமோய் எழுதினார்; டொரதி ஃபொன்டானாவும் எழுதினார். அப்பிரதியைத் திருத்தியவர்களுள் தாமும் ஒருவர் என்பதை ஃபொன்டானா தம் கையாலேயே அங்கே பதிந்தார். குற்றஞ் சாட்டுபவரின் நூலினுள்ளே சென்று, தாமும் அதிற் பங்காளி என்று சொல்லும் நெஞ்சுரம் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. 1996 இலே தயாரிப்பில் ஈடுபட்டிருந்த ஹேர்ப் சொலோ, ரொபர்ட் ஜஸ்ற்மன் ஆகிய இருவரும் 'இன்சைட் ஸ்டார் ட்ரெக்' என்ற நூலிலே தம் பக்கத்தைக் கூறினர். 1968 இல் விருந்தினருக்குக் காட்டப்படாத அறை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின் இவ்வாறு திறக்கப்பட்டது.

இவ்வரலாற்றை மனத்திற் கொண்டு நோக்கினால் 2008 இன் காத்திருப்பு விளங்கும். முன்னைய நூல்கள் இரு வகை. ஒன்று, நிகழும்போதே எழுதப்பட்டது, அது பணிவானது. மற்றது, நிகழ்ந்து நெடுங்காலத்தின் பின் எழுதப்பட்டது. அது துணிவானது, ஆயின் நினைவை நம்பியது, ஆறாத புண்ணும் அதிற் கலந்தது. நிகழும்போதே எழுதப்பட்டதும் துணிவானதுமான நூல் ஒன்று இயலுமோ என்பதே வினா.

அவ்வினாவுக்கு விடை ஒரு மின்னஞ்சலிலே தொடங்கியது. பெஞ்சமின் குக் என்னும் இளம் பத்திரிகையாளர் டொக்டர் ஹூ பற்றிய சஞ்சிகைக்கு எழுதி வந்தவர். 2007 பெப்ரவரியில் அவர், அடுத்த ஆண்டுக்கான நாடகங்களை எழுதும்போதே அந்த எழுத்து எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை உடனுக்குடன் தமக்கு எழுதியனுப்ப முடியுமா என்று டேவிஸிடம் கேட்டார். சஞ்சிகைக் கட்டுரையாகத் தொடங்கியது ஓராண்டுக்கு மேற்பட்ட கடிதப் போக்குவரத்தாய் வளர்ந்து, 2008 செப்டெம்பரில் 'த றைட்டர்ஸ் டேல்', அதாவது எழுத்தாளன் கதை, என்ற பெயரால் ஐந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூலாயிற்று.

மின்னஞ்சல் ஒவ்வொன்றின் தலையிலும் நாளும் நேரமும் உள. அந்நேரம் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிற்பட்டது. பிரதி தர வேண்டிய நாள் கடந்துவிட்டது; ஆயத்தக்காரர் காத்திருக்கின்றனர்; எழுதுபவர் புகைத்துக்கொண்டும் தம்மையே நொந்துகொண்டும் விழித்திருக்கின்றார். காலையில் முடித்த சில பக்கங்கள் அப்படியே குக்குக்கு அனுப்பப்படுகின்றன. அவற்றுட் சில அடுத்த கடிதத்திலேயே கைவிடப்படுகின்றன. டேவிஸ் வரைந்த கேலிச் சித்திரங்களும் இடையிடையே வருகின்றன. எழுதத் தொடங்குமுன் மனத்தில் உலவும் தெளிவற்ற நிலைக்கு அவர் ஒரு பெயர் வைத்திருக்கின்றார்: 'ஒருவேளை' என்பது அது. எல்லாம் இயலும் என்ற நிலை. அதனாலேயே அஞ்சத்தக்க நிலை. எழுதுவோர் எவரும் இதனைப் படித்துத் தலையசைப்பர்.

பார்ப்போர் ஊகித்திருக்கவே முடியாத செய்திகள் பல அங்கே கிடைக்கின்றன. 2008 ஆம் ஆண்டுத் தொடரின் துணைநாயகிக்குப் பென்னி என்று பெயரிட்டு டேவிஸ் சிந்தித்துக் கொண்டிருந்தார். கதரின் டேற் மீண்டும் நடிக்க இசைந்ததும் பென்னி மறைந்து டொனா வந்தாள். டொனாவின் தந்தையாக நடித்த ஹவார்ட் அட்ஃபீல்ட் நோயுற்று 2007 இலே காலமானார். எடுத்த காட்சிகளை மறுபடி எடுக்க நேர்ந்தது; கிறிஸ்மஸ் நாடகத்திலே பத்திரிகை விற்பவராகச் சிறிது நேரம் தோன்றிய பேர்னார்ட் கிரிபின்ஸ் டொனாவின் பாட்டனார் ஆனார். பார்த்தோர் அப்பாட்டனாரைத் தொடக்கத்திலிருந்தே திட்டமிட்ட பாத்திரம் என்றே எண்ணியிருப்பர், அவ்வளவு பொருந்தினார். துயரமும் அவசரமும் சேர்ந்து நல்ல நாடகத்தைப் பெற்றுத் தந்த கதை அது.

மற்றொன்று இதனினும் விந்தையானது. 2008 யூலை 5 ஆந் திகதி ஒளிபரப்பான 'ஜேர்னிஸ் எண்ட்' என்ற அங்கத்தின் முடிவிலே, சைபர்மென் எனப்படும் பகைவர் திடீரெனத் தோன்ற, கதை அந்தரத்தில் நிற்பதாக டேவிஸ் எழுதியிருந்தார். பிரதியைப் படித்த குக், டொனாவைப் பிரிந்த துயரத்தின் மேல் அத்திடுக்கிடல் ஒட்டவில்லை என்று வாதாடினார். டேவிஸ் முதலில் மறுத்தார். பின்னர் நினைந்து பார்த்து அம்முடிவை நீக்கினார். மழையிலிருந்து வந்த நாயகன் தனியே நிற்பதுடன் நாடகம் முடிந்தது. நூலை எழுதச் சென்றவர் நாடகத்தையே மாற்றிவிட்டார்! வேடிக்கை பார்க்கப் போனவன் தேரின் வடத்தைப் பிடித்த கதை இது. கேள்வி கேட்பவருக்கு அவ்வளவு இடங்கொடுத்தது நன்றோ தீதோ என்பதிற் கருத்து வேறுபாடு இருக்கலாம். அந்த முடிவைப் பொறுத்தவரை குக் சொன்னதே சரி.

ஆனால், எலிசனின் வழக்கை அறிந்தவர் இந்நூலில் முதலிற் புரட்டித் தேடும் பக்கம் வேறு. பிறர் எழுதிய பிரதிகளைத் தாம் பெருமளவு திருத்தி எழுதுவதுண்டு என்று டேவிஸ் வெளிப்படையாகவே கூறுகின்றார். மொஃபற் போன்ற சிலரின் பிரதிகளை மட்டும் அவர் தொடுவதில்லை. ஏனையவற்றுட் சில அவர் கையில் ஏறத்தாழப் புதிதாகவே எழுதப்பட்டன. அறுபதுகளிலே ஒளித்து வைக்கப்பட்ட அதே தொழில், அதே காரணம்: காலம் போதாமை, செலவு, தொடரின் ஒருமைக்குரல். வேறுபாடு அது சொல்லப்பட்டதில் உள்ளது. சொன்னவர் திருத்தியவரே, சொன்ன காலம் திருத்திய காலமே. வெளிப்படையாகச் சொன்னதனால் நோவு நீங்கிவிட்டது என்பதற்கில்லை. திருத்தப்பட்ட எழுத்தாளர் தம் கூட்டாளிகள் யாவரும் படிக்கும் நூலிலே அச்செய்தியைக் காண நேர்வது இலேசான காரியமன்று. டேவிஸின் கடிதங்கள் கையிலிருக்கின்றன. திருத்தப்பட்டோரின் கடிதங்கள் அந்நூலில் இல்லை. எலிசனின் நூலிலே ஃபொன்டானாவுக்குக் கிடைத்த இடம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

2010 சனவரியிலே நூலின் விரிந்த பதிப்பு, டேவிஸின் பொறுப்புக் காலத்து இறுதி நாடகங்கள் வரையிலான கடிதங்களையும் சேர்த்துக்கொண்டு வெளிவந்தது. 2009 இல் ஒளிபரப்பான இரு சிறப்பு நாடகங்களிலே டேவிஸின் பெயரும் மற்றை எழுத்தாளரின் பெயரும் இணைந்தே திரையில் வந்தன. அதற்கு முன்னர் அவர் திருத்திய அங்கங்களிலோ முதல் எழுத்தாளரின் பெயர் மட்டுமே உண்டு. அவை மறுபடி ஒளிபரப்பாகும் போதெல்லாம் அப்பெயரே இரண்டு மூன்று விநாடி தோன்றி மறைகின்றது.